மஹர் மிஷின்

786
கோட்டைமேடு, கோயமுத்தூர்
12-4-1934

மரியாதைக்குரிய அண்ணன் அப்துல் முத்தலிப் அவர்களுக்குத் தங்கை ஜாஹிதா சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், உங்கள் மாப்பிள்ளை படுத்திருக்கிறார். இதையே சுகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உங்கள் சுகமும், ரம்லா மதினி, பிள்ளைகள் ஐந்து பேருடைய சுகமும் அறிய ஆவல். மதினியின் இடுப்பு வலி தேவலையா?

மாதேபாளையத்தை விட்டு வந்து பத்து நாளாகிறது. தாலுகா போர்டைக் கலைத்தார்கள், போர்டு பெண் பாடசாலையை மூடினார்கள், தையல் டீச்சரான என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். எல்லாம் ஒரே வாரத்தில் நடந்து முடிந்தது. மாசியில் மாப்பிள்ளைக்கு வலது கையும் காலும் விழுந்ததோடு சேர்த்தால் எனக்கு இந்த வருஷம் போதும் போதும் என்றாகிவிட்டது.

இங்கே அவர் அம்மா விட்டுப்போன வீடு ஒழுகினாலும் வீடுதான். துணிக்கடைக்காரர்கள் இரண்டு பேர் தைக்கத் துணி தருகிறோம் என்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்தே தைக்கலாம். நடுவில் எழுந்து இவரைப் புரட்டிப் படுக்க வைக்கலாம், கஞ்சி ஊட்டலாம். வெளியே வேலைக்குப் போனால் இவரை யார் பார்ப்பது? ஆகையால் பள்ளிக்கூடத்தில் கிடக்கும் என் மிஷினை உடனே அனுப்பி வையுங்கள். பஞ்சுப் பொதி ஏற்றும் பொங்கியண்ணன் செவ்வாய்க்கிழமை வண்டி கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வருகிறார், சொல்லி வைத்திருக்கிறேன். கால் பலகையைத் தனியாகக் கழற்றிக் கட்டச் சொல்லுங்கள். பலகையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட கறுப்பு வடு இருக்கும், அதுதான் நம்முடையது.

உங்கள் துஆவை நாடும்,
ஜாஹிதா


786
மாதேபாளையம்
26-4-1934

அன்புத் தங்கை ஜாஹிதாவுக்கு அண்ணன் எழுதியது. அல்லாஹ் கிருபையால் இங்கே யாவரும் சுகம். மாப்பிள்ளை முஸ்தபாவின் உடம்பு பற்றி விவரமாக எழுதவும். எண்ணெய் தேய்க்கிறாயா? வெந்நீர் ஒத்தடம் நல்லது என்கிறார்கள்.

அம்மணி, உன் காகிதம் வந்த நாள் முதல் எழுத நினைத்து முடியவில்லை. போர்டு ஆபீஸ் ஆபீஸாக இல்லை. பீரோ, பெஞ்சு, குழாய், பாலம் கட்டிய கம்பி, அம்மை குத்தும் பெட்டி எல்லாம் தாழ்வாரத்தில் வந்து குவிந்திருக்கிறது. போர்டின் சொத்து முழுவதும் ஜில்லா போர்டுக்குப் போகிறது. அதற்கு முன் ஒவ்வொரு சாமானையும் மூன்றில் ஒரு பட்டியலில் ஏற்றவேண்டும். தேவையானது, தேவைக்கு மேற்பட்டது, உதவாதது. எழுதுகிற வேலை என் தலையில்.

உன் மிஷினில் போர்டு நம்பர் எழுதியிருப்பது உனக்கு ஞாபகம் இருக்கும். நம்பர் போட்ட சாமானைப் பட்டியலில் காட்டாமல் அனுப்ப முடியவில்லை. தனியார் சாமான் என்று எழுத அச்சடித்த அந்தப் பாரத்தில் இடமே வைக்கவில்லை. கொஞ்சம் பொறு. ஒரு வழி பண்ணுகிறேன்.

ரம்லா உனக்குச் சலாம் சொல்கிறாள். இடுப்பு வலி அப்படியேதான்.

இப்படிக்கு,
அண்ணன்


786
கோயமுத்தூர்
4-5-1934

அண்ணன் அவர்களுக்குச் சலாம். எண்ணெய் தேய்க்கிறேன், ஒத்தடம் கொடுக்கிறேன். கை விரல் ஒன்றாவது அசைந்தால் எழுதுகிறேன், நீங்கள் கேட்டுக் கேட்டு எழுதவேண்டியதில்லை. அங்கே எல்லோரும் சுகமாக இருக்கவேண்டும்.

பொங்கியண்ணன் வெறும் வண்டியோடு திரும்பி வந்துவிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஏனுங்க அம்மணி, உங்க மிசுனுன்னு கேட்டனுங்க. அந்த எட்கிளார்க்கு சீனிவாசலு, யாரு மிசுனு, நம்பரைப் பாரய்யான்னு வெரட்டிப்போட்டாருங்க. உங்கண்ணன் அங்கதான் உக்காந்திருந்தாருங்க. குனிஞ்ச தலை நிமிரலீங்க."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. இரண்டு வருஷத்துக்கு முன் நடந்ததை நான் மறக்கவில்லை. பள்ளிக்கூடத்து மிஷின் ரிப்பேருக்குப் போயிருக்கிறது, ஆடிட்டுக்கு ஆள் வருகிறார்கள், நாலு நாளைக்கு உன் மிஷினைக் கொண்டுவந்து வை என்று கேட்டது நீங்கள். பியூன் சென்னிமலை வெள்ளைப் பெயிண்டால் 'தா.போ. 47' என்று எழுதியதைப் பார்த்து நான் கேட்டதற்கு, "பத்திரமா இருக்கட்டும்னுதான் அம்மணி, நம்பர் இருந்தா எவனும் தூக்கிட்டுப் போகமாட்டான்" என்று சொன்னதும் நீங்கள். நானும் நல்லதுதான் என்று விட்டேன். பெண் பிள்ளைகள் அதில் பழகினார்கள், நாலு நாள் இரண்டு வருஷமாயிற்று. ரிப்பேருக்குப் போன மிஷின் திரும்பி வந்ததா என்று நான் கேட்கவே இல்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

மாப்பிள்ளை படுத்துக்கொண்டே சிரிக்கிறார். வாய் கோணினாலும் பேச்சு கோணவில்லை. "நிக்காஹ்ல மிஷினை மஹராக் கொடுத்தது நானு. வாங்கினது நீயி. நடுவால இந்த போர்டு எப்பப் புள்ள நம்மளை நிக்காஹ் பண்ணுச்சு?" என்கிறார். அதையும் உங்கள் பாரத்தில் எழுத இடமிருக்கிறதா பாருங்கள்.

அத்தாவின் தையல் கடையில் பட்டன் துளைக்குக் காஜா எடுத்த கை உங்களுடையது, நாலு வரி எழுதவா சிரமம்? இந்த மாதத்துக்குள் அனுப்புங்கள்.

ஜாஹிதா


786
மாதேபாளையம்
13-6-1934

அன்புத் தங்கைக்கு ஆசீர்வாதம். நான், ரம்லா, பிள்ளைகள் சுகம். சின்னவனுக்கு மட்டும் காய்ச்சல் வந்து போயிற்று. உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. சர்க்குலர் வந்திருக்கிறது. நீ புரிந்துகொள்வதற்காக எழுதுகிறேன். ஒரு சாமான் இருக்கும் இடத்தில் அதற்கு வேலை இல்லையென்றால் அது தேவைக்கு மேற்பட்டது. அதை இன்னொரு போர்டு ஆபீசுக்கு வேண்டுமா என்று முதலில் கேட்கவேண்டும். வேண்டாமென்றால் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. அவர்களும் கை விரித்தால்தான் பகிரங்க ஏலம். பள்ளிக்கூடம் மூடிவிட்டதால் மிஷின் இரண்டாவது பட்டியலில் போயிருக்கிறது. சீனிவாசலு அதை உதவாதது என்று போடச் சொன்னார், பழைய இரும்போடு போய்விடுமே என்று நான்தான் பிடிவாதம் பிடித்து மேலே ஏற்றினேன். ஏலத்துக்கு வந்தால் நீயே எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம். இங்கே பதினாலு குமாஸ்தா. ஜில்லா போர்டில் ஐந்து பேருக்குத்தான் இடம். மிச்சப் பேருக்கு என்ன பெயர் தெரியுமா? அதே பெயர்தான், தேவைக்கு மேற்பட்டவர்கள். அந்தப் பட்டியல் ஆடியில் வரும். சாமானுக்காவது இன்னொரு ஆபீசில் கேட்பார்கள். ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு எனக்குக் கண் மூடினால் தூக்கம் வருவதில்லை. அதனால் நீ மனு கினு எதுவும் போட்டுவிடாதே.

அண்ணன்


786
கோயமுத்தூர்
22-6-1934

அண்ணன் அவர்களுக்கு ஆயிரம் சலாம். சின்னவன் காய்ச்சலுக்கு நிலவேம்புக் கஷாயம் கொடுக்கச் சொல்லுங்கள். மாப்பிள்ளைக்கு இடது கை நன்றாக இருக்கிறது, கத்தரிக்கோல் பிடித்துப் பார்க்கிறார். துணிதான் கோணல் மாணலாகப் போகிறது.

என் மஹரை நான் ஏலத்தில் எடுப்பதா? என்ன பேச்சு பேசுகிறீர்கள்? யாருக்குத் தேவைக்கு மேற்பட்டது அது? எனக்கு அது இல்லாமல் அடுப்பு எரியவில்லை. தினமும் எதிர் வீட்டு ஜன்னலோரம் நின்று, அவர்கள் மிஷின் சும்மா இருக்கும் நேரம் பார்த்துத் தைத்துக்கொண்டு வருகிறேன். இரவல் மிஷினில் தைக்கிறவளுக்கு வாய் திறக்க உரிமை இல்லை, அவர்கள் பேசுவதை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் தைக்கவேண்டும்.

ஆனால் அண்ணா, ஒரு நல்ல சேதி. நேற்று அந்தக் கோபத்தில் பள்ளிவாசலுக்குச் சொல்லி அனுப்பி, கத்தீபிடம் எங்கள் நிக்காஹ் பதிந்த தப்தரை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். பத்து வருஷமானாலும் பத்திரமாக இருக்கிறது. உங்களுக்கு ஞாபகம் வருகிறதா? நகையும் இல்லை, ரொக்கமும் இல்லை, ஒரு டெய்லர் தன் மிஷினையா மஹராகக் கொடுப்பான் என்று பந்தலில் எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "மிஷினுன்னு மொட்டையா எழுதாதீங்க. நம்பரோட எழுதுங்க. நாளைக்கு நான் கெட்டதைக் கொடுத்துட்டேன்னு பேச்சு வரக்கூடாது" என்று ஆளையனுப்பி மிஷினையே பந்தலுக்குத் தூக்கிவரச் செய்தார். நீங்கள்தான் குனிந்து பித்தளைத் தகட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தீர்கள். ஒய் 3817264. அப்படியே எழுதியிருக்கிறது. கீழே சாட்சி, அப்துல் முத்தலிப். உங்கள் பெயரைப் பார்த்ததும் எனக்குப் போன உயிர் வந்தது.

கத்தீப் நகல் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டார். மாதக் கடைசியில் அதோடு ஜில்லா போர்டுக்கு மனுப் போடப் போகிறேன். மனு வேண்டாமென்று நீங்கள் எழுதியது எனக்குத் தெரியும். கையில் ஒன்றுமில்லாமல் மனுப் போட்டால்தானே பயம்? இதற்கு யார் மறுப்புச் சொல்ல முடியும்? நீங்களும் சாட்சி சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.

சந்தோஷத்துடன்,
ஜாஹிதா


786
மாதேபாளையம்
24-6-1934

தங்கை ஜாஹிதாவுக்கு. சுகம். உங்கள் சுகம் அறியவும்.

மனுப் போடாதே. நகலை யாரிடமும் காட்டாதே. ஆடி மாதப் பட்டியல் வருகிற வரைக்கும் பொறுத்துக்கொள், உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். காரணம் கேட்காதே, அண்ணன் சொல்கிறேன் என்று கேள். பொங்கியண்ணன் வண்டியில் ஒரு சிப்பம் வெல்லமும் பிள்ளைகளின் பழைய துணியும் அனுப்பியிருக்கிறேன். மாப்பிள்ளை சுகமா? உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

அண்ணன்


786
கோயமுத்தூர்
9-9-1934

அண்ணன் அவர்களுக்கு. சுகம் விசாரிக்கிற வழக்கத்துக்காக விசாரிக்கிறேன். எல்லோரும் நலம்தானே?

வெல்லம் வந்தது. மனு போகவில்லை. நகல் அரிசிப் பானைக்குள் இருக்கிறது.

நாற்பது நாளுக்கு ஒரு காகிதம் எழுதுகிறவர் அன்றைக்கு என் காகிதம் கைக்குக் கிடைத்த நாளே எழுதினீர்களே, அதுவும் ஒரே காகிதத்தில் இரண்டு தடவை சுகம் கேட்டு. அப்போதிருந்து எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. கேட்டுவிடக்கூடாது என்று இரண்டு மாதம் இருந்தேன். போன வாரம் பொங்கியண்ணன் சத்தியமங்கலம் சந்தையில் பியூன் சென்னிமலையைப் பார்த்திருக்கிறார். அவனுக்கும் வேலை போய்விட்டது, கள்ளுக்கு மட்டும் குறைவில்லை. இவர் கேட்காமலே சொன்னானாம்: "பள்ளிக்கூடத்து மிசுனு போர்டு மெம்பர் ஊட்டுக் கலியாணத்துக்குத் துணி தைக்கோணும்னு போச்சுங்க. போனது போனதுதானுங்க. ஆடிட்டுக்கு மிசுனு ஒண்ணு வேணுமில்லீங்க? பெயிண்டு அடிச்சது நானுங்க. அடிக்கச் சொன்னது டீச்சரம்மாவோட அண்ணன் ராவுத்தருங்க. ரிஜிஸ்தர்ல பழைய நம்பரைச் சுரண்டிப்போட்டு இந்தத் தகட்டு நம்பரை எழுதுனதும் அவருதானுங்க."

குடிகாரன் பேச்சு என்று தள்ளிவிட நினைத்தேன். முடியவில்லை. இரண்டு புஸ்தகத்திலும் அதே நம்பர். என் நிக்காஹில் அது என்னுடையது என்று சாட்சி வைத்த ஆளே போர்டு ரிஜிஸ்தரில் அது போர்டினுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மனுப் போட்டால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அதற்குத்தான் வேண்டாமென்றீர்களா?

இது நிஜமா? ஆமாம், இல்லை, ஒரு வார்த்தை எழுதுங்கள். மாப்பிள்ளைக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

ஜாஹிதா


786
ஈரோடு
5-10-1934

அன்புத் தங்கைக்கு. இறைவன் கிருபையால் சுகம். மேலே விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். ஜில்லா போர்டில் என்னை எடுத்துக்கொண்டார்கள். ஐந்து பேரில் நான் நாலாவது. ஈரோட்டில் ஜாகை. வீட்டுக்கு எதிரே மஞ்சள் மண்டி, வீடெல்லாம் மஞ்சள் நெடி. ரம்லாவுக்குத் தும்மல் நிற்கவில்லை. வேலை, ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிகளில் சாமான் சரிபார்ப்பது. சீனிவாசலுவுக்கு இடம் கிடைக்கவில்லை, பாவம்.

மிஷினை எந்த ஆபீசும் கேட்கவில்லை. கோயமுத்தூரில் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று படுக்கை விரிப்புத் தைக்க வேண்டுமென்று எழுதி வாங்கிக்கொண்டது. உன் ஊருக்கே வந்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்.

நீ கேட்டதற்கு நேரில் வந்து சொல்கிறேன்.

அண்ணன்


786
கோயமுத்தூர்
21-1-1935

அண்ணன் அவர்களுக்கு. நோன்புப் பெருநாள் போயிற்று. நேரில் வருகிறேன் என்றீர்கள், வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஈரோட்டிலிருந்து ரயிலில் வர ஒரு பொழுதுகூட ஆகாது. வராவிட்டால் போகிறது. மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் சலாம்.

எதிர் வீட்டார் மிஷினை விற்றுவிட்டார்கள். அதனால் நானே வேலை தேடிக்கொண்டேன். எங்கே என்று நினைக்கிறீர்கள்? பிரசவ ஆஸ்பத்திரியில் துணி தைக்கப் பெண் பிள்ளை வேண்டுமென்றார்கள், போனேன். தாழ்வாரத்துக் கோடியில் என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். பலகையில் இஸ்திரி வடு. 'தா.போ. 47' மேல் கோடு கிழித்து 'ஜி.போ. 212' என்று எழுதியிருக்கிறது. நான் கையை வைத்தேன். அங்கே வேலை பார்க்கிற சாமியாத்தாள், நல்ல மனுஷிதான், ஓடி வந்து, "ஏனுங்கம்மா, சர்க்கார் மிசுனுங்க, பாத்துப் பதனமா மிதிங்க" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அழுதுதான் போட்டேன். சுவரில் ஒரு அட்டை தொங்குகிறது, சொந்த வேலை எதுவும் இந்த மிஷினில் செய்யக்கூடாதாம்.

காலையில் போனால் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகுதான் வீடு. போன வெள்ளிக்கிழமை நான் வரும்போது இவர் கட்டிலிலிருந்து விழுந்து கிடந்தார். தண்ணீர்ச் செம்பை எட்டப் போயிருக்கிறார். எவ்வளவு நேரம் தரையில் கிடந்தாரோ, கேட்டால் "இப்பத்தான்" என்கிறார். கன்னத்தில் பாயின் தடம் பதிந்து காய்ந்திருந்தது. அன்றைக்கு எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். இடது கையால் செம்பை வாங்கித் தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு, "அவருக்கு அஞ்சு புள்ளைங்க. நமக்கு ஒண்ணுமில்ல. விடு" என்றார். எனக்கு விட முடியவில்லை, அண்ணா. உங்கள் மேல் எனக்கு இருக்கும் கோபத்துக்கு அளவில்லை.

நிக்காஹ் நகலை இதோடு வைத்திருக்கிறேன். வேறு நகல் எழுதி வாங்கவில்லை. பானையில் அரிசி அள்ளும்போதெல்லாம் கையில் தட்டுகிறது. என் வீட்டில் இருந்தால் ஏதோ ஒரு நாள் ஆத்திரத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன், உங்கள் பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கிழித்தாலும் சரி.

மார்ச்சில் சாமான் சரிபார்க்க ஈரோட்டிலிருந்து ஒருவர் வருவார் என்று சாமியாத்தாள் தகடெல்லாம் துடைக்கிறாள். வருகிறவர் யாரென்று நான் அவளிடம் சொல்லவில்லை.

ஜாஹிதா


786
ஈரோடு
2-4-1935

என் தங்கை ஜாஹிதாவுக்கு. ரம்லாவும் பிள்ளைகளும் சுகம். நான் சுகமாக இருக்கிறேன் என்று மூன்று வருஷத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் பொய்யில்லாமல் எழுதுகிறேன்.

ஆமாம். நான்தான். நீ கேட்ட ஒரு வார்த்தையை எழுத எனக்கு ஏழு மாதம் பிடித்தது.

மெம்பர் வீட்டுக்குப் போன மிஷினைக் கேட்க எனக்குத் தைரியமில்லை. காணோம் என்று எழுதினால் சாமான் என் பொறுப்பு, என் வேலை போகும். ஆடிட்டு முடிந்ததும் நம்பரை அழித்து உன்னிடம் கொடுத்துவிடலாம், மெம்பரும் அதற்குள் திருப்பித் தந்துவிடுவார் என்று நினைத்தேன். யாரோ ஒருவரிடம் கேட்டால் மாட்டேன் என்பார்கள். நீ மாட்டேன் என்று சொல்லமாட்டாய் என்று தெரிந்து உன்னிடம் கேட்டேன். அதுதான் எனக்கு இப்போது பெரிய வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 19 அன்று ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நீ எழுந்து சுவரோரம் நின்றாய். என்னைப் பார்க்கவில்லை. சாமியாத்தாள், "சாருக்கு நாற்காலி போடுங்கம்மா" என்று உன்னிடம் சொன்னாள். நீ போட்டாய். நான் உட்காரவில்லை. கட்டில் எத்தனை, பேசின் எத்தனை என்று எண்ணி முடித்து, மிஷின் நம்பரைச் சரிபார்க்கக் குனிந்தேன். ஒய் என்று வாசித்தேன், மூன்று என்றேன், அதோடு நின்றுவிட்டேன். மிச்சத்தை நீ சொன்னாய், தகட்டைப் பார்க்காமலே. எழுதிக்கொண்டு போய்விட்டேன். உன் வீடு நாலு தெரு தள்ளித்தான், வரக் கால் எழவில்லை.

பாரத்தில் தனியார் சாமானுக்கு இடமில்லை என்று முன்பு எழுதினேன் அல்லவா? ஓரத்தில் குறிப்பு எழுத ஒரு கட்டம் எப்போதும் இருந்தது. அந்த ராத்திரி ரயிலில் அதில் எழுதினேன். "212-ம் நம்பர் மிஷின் போர்டு சொத்து அல்ல. இதை எழுதும் குமாஸ்தா 1932-ல் போர்டு மிஷின் காணாமற்போனதை மறைக்கப் பொய்யாகப் பதிந்தது. உரியவர் ஜாஹிதா பீவி. அவருடைய மஹர் என்பதற்கு நானே சாட்சி." நீ அனுப்பிய நகலை அதோடு தைத்துவிட்டேன். கிழிக்கத்தான் எடுத்தேன். அதில் சாட்சி என்று என் பெயரைப் பார்த்ததும் பந்தலில் நான் போட்ட கையெழுத்து, இளம் பிள்ளையின் கையெழுத்தாக, பெரிது பெரிதாகக் கண்ணில் நின்றது.

எட்டே நாளில் உத்தரவு வந்தது. என்னை நீக்கிவிட்டார்கள். மேலே வழக்குப் போடவில்லை, மெம்பர் பெயர் வரும் என்று யாருக்கோ பயம் போலிருக்கிறது. மிஷினை உன்னிடம் ஒப்படைக்க உத்தரவாகியிருக்கிறது. ஒரு வேடிக்கை கேள். உனக்குத் திருப்பித் தரவும் அதை முதலில் தேவைக்கு மேற்பட்டது என்று பட்டியலில் போடவேண்டுமாம். நாற்காலியை விட்டு எழுவதற்கு முன் நான் கடைசியாக எழுதியது அந்த வரிதான்.

ரம்லாவுக்குத் தெரியும். மூன்றாம் நாள் சட்டிபானைகளைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். எங்கே போவது என்றுதான் இருவருக்கும் தெரியவில்லை.

மாப்பிள்ளையிடம் என் சலாம் சொல், ஏற்றுக்கொண்டால்.

அப்துல் முத்தலிப்


786
கோயமுத்தூர்
17-4-1935

அண்ணன் அவர்களுக்கும் ரம்லா மதினிக்கும் சலாம். பிள்ளைகள் ஐந்தும் சுகமா? இங்கே நாங்கள் இருவரும் சுகம். இந்த முறை நிஜமாகவே.

மிஷின் நேற்று வந்தது. பொங்கியண்ணன்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியில் ஏற்றி வந்தார். சாமியாத்தாள் கூடவே நடந்து வந்து, "உங்களுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அட்டையைத் திருப்பி மாட்டிப்போட்டிருப்பனுங்களே" என்று என்னைத் திட்டிவிட்டுப் போனாள். கட்டில் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன். மாப்பிள்ளை இடது கையால் சக்கரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். நம்பரைச் சுரண்டலாம் என்றேன். "வேண்டாம் புள்ள. ரெண்டு சர்க்காரு வேலை பாத்த மிசுனு இது, பென்சன் கேக்கலாம்" என்கிறார்.

உங்கள் காகிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதச் சொன்னார். அவர் மன்னித்துவிட்டார். எனக்கு இன்னும் கை வரவில்லை. அவர் தரையில் கிடந்தது கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. வரும்போது வரட்டும், அதற்காகப் பொய் எழுத மாட்டேன், நம் வீட்டில் எழுதின பொய் போதும்.

ஆனால் எங்கே போவது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு வந்த கோபம் தனிக் கோபம். ஒட்டு உறவு யாரும் இல்லாதவர் மாதிரி! பின்கட்டு அறை சும்மா கிடக்கிறது. ஒழுகுகிற இடத்தில் மட்டும் படுக்காதீர்கள். மதினி இருந்தால் இவரைப் பகலில் பார்த்துக்கொள்ள எனக்கும் ஒரு ஆள். துணிக்கடைக்காரர் பள்ளிக்கூடச் சட்டை ஆறு டஜன் கொண்டுவந்து போட்டிருக்கிறார். வெட்ட இவர் சொல்லுவார், தைக்க நான் இருக்கிறேன். காஜா எடுக்கத்தான் ஆள் இல்லை. நீங்கள் அத்தாவிடம் அடி வாங்கிக் கற்றுக்கொண்டவர், மறந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை பொங்கியண்ணன் வண்டி ஈரோடு ஸ்டேஷன் பக்கம் வரும். சாமானை அதில் ஏற்றிவிட்டு நீங்கள் எல்லோரும் ரயிலில் வாருங்கள். மறக்காமல் மூக்குக் கண்ணாடியை எடுத்து வாருங்கள், இங்கே வெளிச்சம் குறைவு.

ஜாஹிதா